வீட்டிலிருந்தே ஆன்லைனில் சேலை விற்றால் ஒரு சேலைக்கு உண்மையில் எவ்வளவு நிற்கும்?

இளம்பிள்ளைக்காரன் | 3 நவம்பர் 2025, இரவு 9:14

எங்கள் ஊரில் சேலை கொள்முதலுக்கு அலைய வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரு தறி. 600 ரூபாய்க்கு எடுக்கிற சேலையை இன்ஸ்டாவில் 900 போட்டு விற்கிறார்கள். கடை அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை. கூரியர் 70 போனாலும் 230 கையில் நிற்கும், மாதம் 100 சேலை ஓடினால் 23,000 என்பது என் கணக்கு. வருட விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி தேவையில்லை என்கிறார்கள். சிஓடி (பார்சல் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பது) கொடுக்காவிட்டால் ஆர்டரே வராது என்றும் சொல்கிறார்கள். தீபாவளி முடிந்துவிட்டது, பொங்கலுக்குள் ஆரம்பிக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர் | 3 நவம்பர் 2025, இரவு 10:40

தம்பி, 230 நிற்காது. நீங்கள் சொன்ன எண்களையே வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

900 என்பது வரியும் சேர்ந்த விலை. சேலைக்கு 5%. அதில் 857 உங்களுடையது, 43 அரசுக்கு. கொள்முதலில் 600க்கு மேல் நீங்கள் கட்டுகிற 30 ரூபாய் வரியை, ஜிஎஸ்டி எண் இருந்தால் கழித்துக்கொள்ளலாம். ஆக உங்கள் மார்ஜின் 257. இதில் கவர், லேபிள், டேப் எல்லாம் சேர்த்து 15 போகும். கூரியர் 70 (அதன் மேல் வரும் 18% வரியையும் கழித்துக்கொள்ளலாம்). ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே 2% எடுத்தால் 18. மீதி 154.

அடுத்தது விளம்பரம். புது ஆளுக்குத் தானாக ஆர்டர் வராது. ஓர் ஆர்டர் பிடிக்க இன்ஸ்டா விளம்பரத்துக்கு 100 ரூபாய் ஆகிறது என்று வைத்தால், மீதி 54.

இது முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிய ஆர்டருக்கு. சிஓடி என்றால் கேட்வேக் கட்டணம் 18 கிடையாது, ஆனால் கூரியர்காரர் பணம் வசூலிக்கத் தனியாக எடுப்பார். அதை 35 என்று வைத்தால், 257ல் 15, 70, 35, 100 எல்லாம் போக 37 ரூபாய். பத்து ஆர்டரில் இரண்டு திரும்பி வந்தால்? திரும்பிய பார்சல் ஒவ்வொன்றுக்கும் போன கூரியர் 70, வந்த கூரியர் 60, கவர் 15, விளம்பரம் 100, மொத்தம் 245 போச்சு. எட்டுக்கு 296 வரவு, இரண்டுக்கு 490 செலவு. பத்துச் சேலை அனுப்பி 194 ரூபாய் கைநஷ்டம்.

அதே பத்து ஆர்டரை முன்பணத்தில் அனுப்பினால் 540 லாபம்.

இங்கே வாடகையை நிலத்துக்காரர் வாங்கவில்லை, விளம்பரத் தளமும் கூரியரும் வாங்குகின்றன. கடை வாடகையாவது மாதத்துக்கு ஒருமுறை, இது ஒவ்வொரு சேலைக்கும்.

மாசிலா | 4 நவம்பர் 2025, காலை 7:05

கணக்கர் சார் போட்ட கணக்கில் இன்னொரு வரி சேர்க்கணும். விளம்பரம் இல்லாமல், ஏற்கெனவே வாங்கினவங்க மறுபடி வாங்கினா என்ன ஆகும்? முன்பணம் என்றால் பத்துக்கு 1,540. சிஓடியில் எட்டு போய் இரண்டு திரும்பினாலும் (137 × 8 = 1,096, அதில் 290 கழித்தால்) 806. அதனால முதல் சேலையில் லாபம் பார்க்கிற வியாபாரமே இல்ல இது. ஒருத்தங்க இரண்டாவது சேலை வாங்குற வரைக்கும் அவங்களைப் பிடிக்க ஆன செலவு உங்க முதலீட்டில்தான் நிக்கும். எத்தனை பேர் திரும்ப வாங்குறாங்க என்பதை ஒரு நோட்டில் பெயர் பெயரா எழுதி வையுங்க. ஃபாலோயர் எண்ணிக்கையைவிட அந்த நோட்டுதான் உங்க கடை.

பார்சல்மேசை | 4 நவம்பர் 2025, மதியம் 1:22

கூரியர் 70னு எல்லாரும் போட்டுட்டீங்க. அது அரைக் கிலோ ஸ்லாப், அதாவது அரைக் கிலோ வரைக்குமான ரேட். அதுக்குள்ள உங்க சேலை வருதான்னு முதல்ல தராசு வாங்கிப் பாருங்க.

ஒரு காட்டன் சேலை பிளவுஸோட 450லிருந்து 550 கிராம். 480 கிராம் சேலை, 15 கிராம் கவர்ன்னா அரைக் கிலோவுக்குள்ள அடங்கும். 550 கிராம் சேலைன்னா ஒரு கிலோ ஸ்லாப். அம்பது கிராமுக்கு ரேட் எகிறும். சேலை எடுக்கும்போதே எடை போட்டு எடுங்க, எடை விலையில தெரியும்.

அட்டைப்பெட்டி அழகா இருக்கும்னு பெட்டியில வெச்சீங்கன்னா கதையே வேற. கூரியர்ல கன எடைன்னு ஒண்ணு இருக்கு. நீளம் × அகலம் × உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000ஆல வகுக்கணும் (சில கூரியர் 4,000ம் வெப்பாங்க, ஒப்பந்தத்துல பாருங்க). நிஜ எடை, கன எடை, இதுல எது அதிகமோ அதுக்குத்தான் பில். 35 × 28 × 8 பெட்டின்னா 7,840. வகுத்தா 1.57 கிலோ. உள்ள இருக்குறது 480 கிராம், கட்டுறது 2 கிலோ ஸ்லாப்புக்கு. அதே சேலையைத் தட்டையா மடிச்சு 30 × 25 × 3 கவர்ல போட்டா 0.45 கிலோதான். பெட்டி கல்யாணப் பட்டுக்கு மட்டும்.

மேல, "எடை வித்தியாசம்"னு பத்து நாள் கழிச்சு வாலட்ல (கூரியர்கிட்ட நீங்க முன்கூட்டியே போட்டு வெச்ச பணம்) பணத்தைப் பிடிப்பாங்க. அவங்க மெஷின் கவர் உப்பியிருந்ததை உயரமா அளந்திருக்கும். பார்சலைத் தராசுல வெச்சு எண் தெரியுற மாதிரி ஒரு போட்டோ, பக்கத்துல அளவு டேப் வெச்சு ஒரு போட்டோ, லேபிள் நம்பர் இரண்டுலயும் தெரியணும். மறுப்பு போட ஒரு வாரம்தான் கிடைக்கும், அதுக்கப்புறம் எடுத்த பணம் எடுத்ததுதான். கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி உள்ளங்கையால அழுத்திக் காத்தை எடுத்துடுங்க. அதுலயே பாதிப் பிரச்சினை போயிடும்.

தறிச்சத்தம் | 4 நவம்பர் 2025, இரவு 8:50

இளம்பிள்ளைத் தம்பிக்கு. 40 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாம் என்பது சரிதான். பயப்படாமல் ஆரம்பியுங்கள், விற்பனை ஏறின பிறகு எண் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கர் | 4 நவம்பர் 2025, இரவு 9:31

தறிச்சத்தம் அண்ணா, அது தமிழ்நாட்டுக்குள் நேரடியாக விற்கும்வரை மட்டும். பெங்களூருக்கு ஒரே ஒரு சேலை அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. வரியுள்ள பொருளை அப்படி விற்றால் விற்றுமுதல் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை, பதிவு கட்டாயம். இன்ஸ்டாவில் போட்டுவிட்டு "தமிழ்நாடு மட்டும்" என்று எவ்வளவு நாள் சொல்ல முடியும்? வருகிற ஆர்டரில் பெங்களூரும் ஹைதராபாத்தும் இருந்தே தீரும்.

பெரிய தளங்கள் வழியாக விற்பது தனிக் கணக்கு. முன்பு அங்கே விற்க எல்லோருக்கும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குள் இருக்கிற சிறு வியாபாரி பதிவில்லாமலும் விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும், பான் எண் வைத்து ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு. இதற்கும் 40 லட்சச் சலுகைக்கும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பதிவு எடுத்தால் தளம் உங்கள் விற்பனையில் 0.5% ஜிஎஸ்டிக்காக முன்கூட்டியே பிடிக்கும், அதற்கு டிசிஎஸ் என்று பெயர் (2024 ஜூலை 10க்கு முன் 1%). வருமான வரிக்காக 0.1% டிடிஎஸ் (2024 அக்டோபருக்கு முன் இதுவும் 1%). இரண்டும் உங்கள் பணம். டிசிஎஸ் தானாக வராது. ஜிஎஸ்டி தளத்தில் ரிட்டர்ன் பகுதியில் டிடிஎஸ்-டிசிஎஸ் கிரெடிட் என்ற பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு தளத்தின் தொகையையும் உங்கள் கணக்கோடு ஒப்பிட்டு, ஏற்றுக்கொண்டேன் என்று குறித்துத் தாக்கல் செய்தால்தான் உங்கள் கேஷ் லெட்ஜரில் (வரி கட்டப் பயன்படும் கணக்கு) ஏறும். வருடக்கணக்கில் இதைத் திறக்காமலே வைத்திருப்பவர்கள் உண்டு. வருமான வரியில் பிடித்ததை வருடாந்திரக் கணக்கில் காட்டிக் கழிக்க வேண்டும்.

இன்னொன்று. விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்கு போட வேண்டும். பூஜ்யக் கணக்கானாலும் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் அபராதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் திட்டம் சிறு வியாபாரிக்கு வசதி.

தறிச்சத்தம் | 5 நவம்பர் 2025, காலை 6:12

மாநிலம் தாண்டினால் பதிவு என்பது சரி, கணக்கர். தம்பி அதன்படியே செய்யட்டும்.

வரி விகிதத்தில் ஒன்று கேட்கிறார்கள் பலர். சேலை என்பது துணி, அதற்கு விலை எவ்வளவானாலும் 5%. தைத்த ஆடைக்குத்தான் விலை வரம்பு. செப்டம்பர் 22 மாற்றத்துக்குப் பிறகு ஒரு பீஸ் 2,500 வரை 5%, அதற்கு மேல் 18%. சேலையோடு சுடிதார் செட், லெஹங்கா என்று சேர்க்கிறவர்கள் பில்லில் தனித்தனி வரியாகப் போட வேண்டும்.

மாசிலா | 5 நவம்பர் 2025, காலை 11:48

கலர் பற்றி யாரும் பேசல. "படத்தில் இருந்த கலர் இல்ல" என்பதுதான் சேலையில் பெரிய தகராறு, பாதிக்கு மேல் நாம எடுத்த படத்தால வருது.

ட்யூப்லைட்டுக்கும் மலிவு எல்இடிக்கும் கீழே அரக்கு எல்லாம் பழுப்பா விழும். கிளிப்பச்சை மஞ்சளா விழும். காலையில் வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர் வெயில் படாத இடத்தில் எடுங்க. சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வெச்சு எடுங்க. எடுத்த படத்தில் தாள் நீலமாவோ மஞ்சளாவோ தெரிஞ்சா அந்தப் படத்தைப் போடாதீங்க. ஃபில்டர் கூடவே கூடாது. பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் சுவர் இருந்தா அந்தச் சாயம் சேலையில் ஏறும்.

இரட்டைக் கலர் சேலைதான் ரொம்பக் கஷ்டம். மயில்கழுத்து நிறம், வெங்காயத்தோல் நிறம் எல்லாம் பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். கேமரா ஒரு கோணத்தில் ஒரு நிறத்தைத்தான் பிடிக்கும். பச்சைன்னு நினைச்சு வாங்குவாங்க, வீட்டில் பிரிச்சா நீலம் அடிக்கும். இதுக்கு ஒரே வழி, மடிப்பைக் கையில் பிடிச்சு மெதுவாத் திருப்பி ஒரு பத்து செகண்ட் வீடியோ. விவரத்தில் "பாவு நீலம், ஊடை பச்சை, வெளிச்சத்துக்கு மாறும்"னு எழுதிடுங்க. படிச்சு வாங்கினவங்க திருப்ப மாட்டாங்க.

ஒவ்வொரு சேலைக்கும் ஆறு படம்: முழு உடல், முந்தி, கரை நெருக்கமா, பிளவுஸ் துண்டு, பின்பக்கம், கையில் பிடிச்ச மடிப்பு. பின்பக்கம் போடாமல் விடாதீங்க. நூல் தொங்குற சேலையை வாங்கின பிறகு பார்த்தா டேமேஜ்னுதான் சொல்வாங்க, முன்னாடியே படத்தில் பார்த்துட்டா அது நெசவு முறைன்னு புரியும்.

தறிச்சத்தம் | 5 நவம்பர் 2025, இரவு 9:20

மாசிலா சொன்னதற்கு முந்தைய வேலை ஒன்று உண்டு. கட்டுக்கட்டாக எடுத்து அப்படியே கவரில் போடக் கூடாது. ஒரு நீளக் கம்பியில் சேலையை விரித்துப் போட்டு, பின்னால் வெளிச்சம் இருக்கும்படி நின்று முழு நீளத்தையும் பாருங்கள். ஊடை விட்ட இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை, கரை ஓரத்தில் கிழிசல் எல்லாம் வெளிச்சத்துக்கு எதிரே தெரிந்துவிடும். பிளவுஸ் துண்டு சேர்த்து 6.2 மீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று இழுக்காமல் அளக்க வேண்டும். பிளவுஸ் 80 சென்டிமீட்டர் போனால் உடலுக்கு 5.4 தான் மிஞ்சும், அதற்கும் குறைந்தால் உயரமான பெண்கள் கொசுவம் போதவில்லை என்பார்கள்.

சிவப்பு, கருப்பு, அரக்கு இந்த மூன்றிலும் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் தேயுங்கள். சாயம் இறங்கினால் அந்த லாட்டையே திருப்பிக் கொடுங்கள், விளக்கச் சீட்டு வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். வாங்கினவர் வீட்டில் வேறு துணியும் கெடும், அந்தப் பெயர் போகவே போகாது.

இளம்பிள்ளைக்காரன் | 6 நவம்பர் 2025, இரவு 10:02

எல்லாருக்கும் நன்றி. எனக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த சேலை. எல்லாரும் "சாஃப்ட் சில்க்" என்றுதான் போடுகிறார்கள். நான் மட்டும் பாலியஸ்டர் என்று போட்டால் யார் வாங்குவார்கள்?

தறிச்சத்தம் | 6 நவம்பர் 2025, இரவு 11:15

தம்பி, போடுங்கள். பாலியஸ்டர் என்றே போடுங்கள்.

பட்டு இல்லாததைப் பட்டு என்று எழுதுவது நுகர்வோர் சட்டத்தில் தவறான விளம்பரம். கடையில் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆன்லைனில் உங்கள் பெயரோடு, படத்தோடு, தேதியோடு எழுத்தில் இருக்கிறது. வாங்கினவர் ஓரத்தில் நான்கு இழை உருவி நெருப்பில் காட்டினால் போதும். பட்டு முடி கருகுகிற வாடையோடு எரிந்து, சாம்பல் விரலில் நசுங்கும். பாலியஸ்டர் உருகிக் கருப்பு மணி போல இறுகிவிடும். இதை யூடியூபில் பார்த்துவிட்டு எல்லோரும் செய்கிறார்கள்.

அதைவிட முக்கியம், விலை. 900 ரூபாய்க்குப் பட்டு என்று நம்பி வாங்கினவர் கோபத்தோடு திருப்புவார். 900 ரூபாய்க்குத் துவைக்கச் சுலபமான, அலுவலகத்துக்குக் கட்ட வசதியான, இஸ்திரி தேவைப்படாத சேலை என்று தெரிந்து வாங்கினவர் அடுத்த மாதம் இன்னொன்று வாங்குவார். அதற்கென்று பெரிய சந்தை இருக்கிறது. ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், தினம் ஒன்று கட்ட வேண்டியவர்கள். அவர்களிடம் நேராகப் பேசுங்கள்.

அதே போல விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று போடவே போடாதீர்கள். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985ல் சட்டமே இருக்கிறது. கைத்தறி முத்திரை, சில்க் மார்க் எல்லாம் விண்ணப்பித்து வாங்குவது, படத்தை எடுத்து ஒட்டிக்கொள்வதல்ல. காஞ்சிபுரம், நெகமம், கண்டாங்கி என்கிற பெயர்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. "காஞ்சிபுரம் மாடல்" என்று எழுதினாலும் சிக்கல்தான். ஒரு கைத்தறிச் சேலைக்கு உட்கார்ந்து இரண்டு நாள், மூன்று நாள் மிதிக்கிறவர் கூலி இந்தப் பொய்யால்தான் அடிபடுகிறது.

பார்சல்மேசை | 7 நவம்பர் 2025, காலை 10:30

சிஓடி விஷயத்துக்கு வர்றேன். முழுக்க நிறுத்திடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். புது ஆளை நம்பி 900 ரூபாய் முன்னாடி அனுப்ப யாருக்கும் தயக்கம் இருக்கும், அது நியாயம். ஆனா திரும்பி வர்ற பார்சலைக் குறைக்க வழி இருக்கு.

முதல்ல, ஆர்டர் வந்ததும் வாட்ஸ்அப்ல முகவரியை அவங்க வாயாலேயே உறுதி பண்ணச் சொல்லுங்க. கதவு எண், தெரு, அடையாளம், பின்கோடு, இரண்டாவது போன் நம்பர். பதில் வராத ஆர்டரை அனுப்பாதீங்க. அடுத்து, போனவுடனே ட்ராக்கிங். டெலிவரி ஆகலைன்னு கூரியர் பேனல்ல (கூரியர் தளத்துல உங்க கணக்குப் பக்கம்) தினமும் ஒரு பட்டியல் வரும். "வீட்ல ஆள் இல்ல", "போன் எடுக்கல"ன்னு போட்டிருப்பாங்க. அதே நாள் வாங்கினவங்களுக்கு நீங்களே போன் பண்ணி, மறுநாள் எப்ப இருப்பாங்கன்னு கேட்டு பேனல்ல பதியணும். வழக்கமா மூணு தடவை முயற்சி பண்ணுவாங்க, அதுக்கப்புறம் பார்சல் உங்க ஊர் வண்டி ஏறிடும். இந்தப் பட்டியலை வாரம் ஒரு தடவை பார்க்கிறவங்களுக்குத்தான் ரிட்டர்ன் குவியுது.

மூணாவது, 100 ரூபாய் முன்பணம், மீதி சிஓடி. நூறு கட்டினவங்க கதவைத் திறப்பாங்க. கூடவே, முழுப் பணம் கட்டினா 40 ரூபாய் குறைவுன்னு போடுங்க. கணக்கர் சார் கணக்குப்படி அது உங்களுக்குக் கட்டுப்படியாகும்.

திரும்பி வந்த பார்சலை அப்படியே ஸ்டாக்ல போடாதீங்க. லேபிள்ல ஆரம்பிச்சு வெட்டாம ஒரே வீடியோ, அப்புறம்தான் கத்தி வைக்கணும். உள்ள பழைய துணி இருக்கும் சில சமயம். புகார் போட ஒண்ணு இரண்டு நாள்தான் தருவாங்க.

கணக்கர் | 7 நவம்பர் 2025, மதியம் 12:05

100 ரூபாய் முன்பணம் நல்ல யோசனை, ஒரு எச்சரிக்கையோடு. 2020 ஜூலையில் வந்த இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகளின்படி, வாங்குபவர் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்க வேண்டுமென்றால், நீங்கள் ரத்து செய்யும்போதும் அதே போன்ற கட்டணத்தை நீங்கள் ஏற்க வேண்டும். ஆகவே "பார்சல் கிளம்பும் முன் ரத்து செய்தால் 100 முழுதும் திருப்பித் தரப்படும். கிளம்பிய பின் வாங்க மறுத்தால் கூரியர் செலவுக்காகப் பிடிக்கப்படும். நாங்கள் அனுப்பத் தவறினால் 100க்கு மேல் 100 தருவோம்" என்று ஆர்டர் எடுக்கும் முன்பே எழுதிக் காட்டுங்கள். சேதமான பொருளையோ வேறு பொருளையோ அனுப்பிவிட்டு "நோ ரிட்டர்ன்" என்று சொல்லவே முடியாது, அந்த வாசகத்தைப் பக்கத்தில் போடாதீர்கள். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்ற பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

மாசிலா | 7 நவம்பர் 2025, இரவு 8:44

பணம் வாங்குவதில் ஒரு மோசடி இப்ப அதிகம். ஜிபே ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "கட்டிட்டேன், அவசரம், இன்னைக்கே அனுப்புங்க"ன்னு சொல்வாங்க. ஸ்கிரீன்ஷாட்டை உருவாக்குற ஆப்பே இருக்கு. வங்கி மெசேஜ் மாதிரியே மெசேஜும் வரும். நம்ம வங்கி ஆப்பைத் திறந்து ஸ்டேட்மென்ட்டில் பணம் ஏறியிருக்கான்னு பார்த்துட்டுத்தான் பார்சல் கிளம்பணும்.

இன்னொன்று இதைவிட மோசம். 900க்குப் பதிலா 9,000 அனுப்பிட்டு "சைபர் தப்பா அடிச்சிட்டேன் அக்கா, மீதியை இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க"ன்னு கேட்பாங்க. வேற நம்பருக்கு அனுப்பாதீங்க. வந்தது யாரோ ஏமாந்தவரோட பணமா இருக்கலாம். அவர் 1930க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) புகார் பண்ணினா, பணம் போன பாதையில் இருக்கிற கணக்கெல்லாம் முடங்கும், உங்களுடையதும் சேர்த்து. வங்கியில் சொல்லி, வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லுங்க.

அதனாலேயே வியாபாரத்துக்கு ஒரு தனி நடப்புக் கணக்கு வைங்க. வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், நகைக்கடன் எல்லாம் வேற கணக்கில் இருக்கட்டும். முடங்கினா வியாபாரப் பணம் மட்டும்தான் நிக்கும்.

கணக்கர் | 7 நவம்பர் 2025, இரவு 9:10

முடங்கிவிட்டால் வங்கியிடம் கேட்க வேண்டியது இரண்டு: புகாரின் எண், எந்த மாநிலத்துக் காவல்துறை. அது கிடைத்தால் அந்தக் குறிப்பிட்ட பணத்துக்கான பில், வாட்ஸ்அப் உரையாடல், கூரியர் ரசீது, டெலிவரி ஆன விவரம் நான்கையும் அந்த அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, தகராறில் உள்ள தொகையை மட்டும் நிறுத்தி மற்றதை விடுவிக்கக் கேளுங்கள். பில் போடாமல் விற்றவரால் இதை நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு சேலைக்கும் பில் போடச் சொல்வது வரிக்காக மட்டும் அல்ல.

சிராங்கூன்வாசி | 9 நவம்பர் 2025, மாலை 6:30

வெளிநாட்டு ஆர்டர் பற்றி யாராவது சொல்லுங்களேன். இங்கே சிங்கப்பூரில் பொங்கலுக்கு ஊர்ச் சேலை கேட்கிறவர்கள் அதிகம்.

கணக்கர் | 9 நவம்பர் 2025, இரவு 9:55

நல்ல சந்தை, ஐயா. சிஓடி கிடையாது, திரும்பி வருவது குறைவு, ஒரே ஆர்டரில் நான்கு ஐந்து எடுப்பார்கள். ஆனால் சொந்தக்காரருக்கு அனுப்புவது போலப் "பரிசு" என்று எழுதி அனுப்புவது ஏற்றுமதி அல்ல, பிடிபட்டால் பொய் அறிவிப்பு.

முறையாகச் செய்ய வேண்டியவை: ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண் (வெளிநாட்டு வணிக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் தளத்தில் 500 ரூபாய், வருடந்தோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பித்து உறுதி செய்ய வேண்டும்). ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி எனும் உறுதிமொழிக் கடிதம் ஒன்றைத் தாக்கல் செய்தால் ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்பலாம், அதுவும் நிதியாண்டுக்கு ஒருமுறை. தபாலில் அனுப்ப அஞ்சலகங்களில் டாக் கர் நிர்யாத் கேந்திரா எனும் ஏற்றுமதி மையம் இருக்கிறது, ஏற்றுமதிப் பில்லை அங்கேயே ஆன்லைனில் போடலாம். பணம் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகவோ, அனுமதி பெற்ற கேட்வே வழியாகவோ வர வேண்டும். சொந்தக்காரரின் இந்தியக் கணக்கில் வாங்கினால் ஏற்றுமதிக் கணக்கு முடியாது.

சிங்கப்பூரில் 400 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) வரும் பார்சலுக்கு இறக்குமதி ஜிஎஸ்டி பொதுவாகக் கேட்பதில்லை, அதற்கு மேல் 9%. ஆகவே பெரிய ஆர்டரில் வரி யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்குத்தான் 2025ல் கஷ்டம் வந்தது. 800 டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த சலுகை ஆகஸ்ட் 29ல் நின்றுவிட்டது. அதையொட்டி அஞ்சல் துறை நிறுத்திய சேவை அக்டோபர் 15ல்தான் மறுபடி தொடங்கியது. 2025 கடைசியில் அறிவித்த மதிப்பில் 50% வரியை அனுப்பும்போதே கட்ட வேண்டியிருந்தது. 2,000 ரூபாய்ச் சேலைக்கு 1,000 வரி. வரியைச் சொல்லாமல் பழைய விலையில் ஆர்டர் எடுத்தால் முழுதும் உங்கள் தலையில்.

பார்சல்மேசை | 10 நவம்பர் 2025, காலை 9:18

உள்ளூர்லயும் தபாலை மறந்துடாதீங்க. தனியார் கூரியர் போகாத கிராமத்துப் பின்கோடுக்கு ஸ்பீடு போஸ்ட்தான். பதிவுத் தபால் இப்ப ஸ்பீடு போஸ்ட்டோட சேர்ந்துடுச்சு, அக்டோபர் 1லிருந்து புதுக் கட்டணம். 5 ரூபாயும் வரியும் சேர்த்துக் கட்டினா ஓடிபி சொன்னாதான் பார்சல் கொடுப்பாங்க. "எனக்கு வரவே இல்ல"ன்னு வர்ற தகராறுக்கு அது போதும்.

மாசிலா | 12 நவம்பர் 2025, மதியம் 3:40

தம்பி, வாட்ஸ்அப்பில் எப்படி நடத்தணும்னு தனியா மெசேஜில் கேட்டிருந்தீங்க, இங்கேயே சொல்றேன், எல்லாருக்கும் உதவும்.

பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர்தான். அதிலும் உங்க நம்பரைச் சேமிச்சு வெச்சவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால பார்சலுக்குள் ஒரு சின்ன அட்டை, "இந்த எண்ணைச் சேமித்தால் புதுச் சேலை முதலில் உங்களுக்கு"ன்னு. ஊர் பேர் தெரியாத ஆளையெல்லாம் குரூப்பில் இழுத்துப் போட்டா ஸ்பேம்னு புகார் பண்ணுவாங்க, நம்பரே தடையாகும். நம்பர் போனா அத்தனை வாடிக்கையாளரும் போச்சு. மாதம் ஒருமுறை பெயர், ஊர், பிடிச்ச நிறம், கடைசியா வாங்கினது எல்லாத்தையும் கம்ப்யூட்டரில் ஏத்திடுங்க. இன்ஸ்டா கணக்கும் அப்படித்தான், ஒரு நாள் முடங்கலாம்.

கையில் இல்லாத சேலையைப் போடாதீங்க. ஒரே படம் முப்பது ரீசெல்லர் குரூப்பில் சுத்துது. நீங்க ஆர்டர் எடுத்துட்டுப் போய்க் கேட்டா "ஸ்டாக் முடிஞ்சுது"ம்பாங்க. உங்க ஊரில் தறியே இருக்கு, அதுதான் உங்க பலம். இருபது டிசைன், டிசைனுக்கு ஐந்து, உங்க கையால் எடுத்த படம்.

இளம்பிள்ளைக்காரன் | 14 நவம்பர் 2025, இரவு 9:25

எல்லாவற்றையும் வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். 480 கிராமுக்குள் வரும் ரகம் மட்டும். கொள்முதல் 560, விலை 949, பாலியஸ்டர் என்றே எழுதப்போகிறேன். முழுப்பணம் கட்டினால் 909. சிஓடிக்கு 100 முன்பணம். விளம்பரத்துக்கு மாதம் 5,000க்கு மேல் இல்லை. ஜிஎஸ்டி எடுக்க வீட்டு முகவரியே போதுமா? வீடும் கரண்ட் பில்லும் அப்பா பெயரில்.

கணக்கர் | 14 நவம்பர் 2025, இரவு 10:08

போதும். கரண்ட் பில் நகல், அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், உங்கள் பான், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம். பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு ரூபாயும் இல்லை, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் அப்படியே இலவசம். தேடினால் அரசுத் தளம் போலவே இருக்கிற தளங்கள் முதலில் வந்து 2,000, 3,000 கேட்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள்.

விலையைச் சரிபார்த்தேன். 909ல் வரி போக 866. கொள்முதல் போக 306. கவர், கூரியர், கேட்வே போக 203. மாதம் 5,000 விளம்பரத்தில் 50 ஆர்டர் வந்தால் ஆர்டருக்கு 103 நிற்கும். 25 ஆர்டர்தான் வந்தால் மூன்று ரூபாய். ஆகவே முதல் மாதம் 25 ஆர்டருக்குக் கீழே போனால் விளம்பரத்தை ஏற்றாதீர்கள், நிறுத்திவிட்டுப் படத்தையும் விவரத்தையும் மாற்றுங்கள்.

தறிச்சத்தம் | 15 நவம்பர் 2025, காலை 6:30

மார்கழி டிசம்பர் 16ல் பிறக்கிறது, கல்யாணச் சேலை ஓடாது, ஆனால் பொங்கலுக்கு எடுப்பவர்கள் அந்த மாதத்தில்தான் பார்ப்பார்கள். தறியில் சொல்லி வாங்குவதானால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள் தம்பி. ஜனவரி 10க்குப் பிறகு வாங்கும் ஆர்டருக்குப் பொங்கலுக்குள் வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், கூரியர் வண்டி அந்த வாரம் நிரம்பி வழியும்.